சித்தப்பாவின் குழு தோற்ற வருடம்

என்னோடு அந்த வருடம் கொலேஜ் என்கிற நடுப்பள்ளியின் முதல் வகுப்பில் இருந்தவர்களுக்கு இதை எழுதுகிறேன். இப்போது நமக்குப் பதினெட்டு, பத்தொன்பது. உங்களில் சிலருக்குத் தாடி வந்துவிட்டது, சிலருக்குச் சம்பளம் வருகிறது. ஆனாலும் எங்கேயாவது கூடிவிட்டால் அந்த நாட்களைப் பற்றிக் கிழவர்கள் மாதிரித்தான் பேசுகிறோம். வெளியே போக நாமே எழுதிக் கையெழுத்துப் போட்ட அனுமதித் தாள், மாலையில் ஜன்னலில் நின்று கைதட்டியது, கணக்கு வாத்தியாரின் பூனை கமராவுக்கு முன்னால் நடந்துபோனது. எனக்கும் அவை ஞாபகம் இருக்கின்றன. ஆனால் அந்த வருடம் என்று யாராவது சொன்னால் எனக்கு முதலில் நினைவுக்கு வருவது உலகத்தின் மறுபக்கத்தில் தோற்றுக்கொண்டே இருந்த ஒரு பந்தாட்டக் குழுதான். இதை உங்களிடம் இதுவரை சொன்னதில்லை. சொல்லத் தொடங்கினால் பிழை எந்த இடத்தில் தொடங்கியது என்று எனக்கே குழம்பிவிடும். இப்போதும் முழுக்கத் தெளிந்துவிட்டது என்று சொல்லமாட்டேன்.

எங்கள் வீடு பாரிசின் லாச்சப்பலில், ரயில் பாதைகளைப் பார்த்த மூன்றாம் மாடி. இரண்டு அறை. அப்பாவுக்கு பிரசரி என்கிற ஒரு உணவகத்தின் குசினியில் கோப்பை கழுவும் வேலை. அம்மா எங்கள் தெருமுனையில் இருந்த தமிழ்ப் பலசரக்குக் கடையின் கல்லாவில் இருந்தார். மார்ச்சில் கொரோனாவால் எல்லாவற்றையும் பூட்டச் சொன்னபோது அப்பாவின் கடை பூட்டியது, அம்மாவின் கடை பூட்டவில்லை. அப்பா பகலில் வீட்டில் இருந்து நான் அதற்கு முன் பார்த்ததேயில்லை. அவருக்குக் கையை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. நான் தண்ணீர் குடித்து வைத்த கிளாஸ், திரும்பிப் பார்ப்பதற்குள் கழுவிக் கவிழ்க்கப்பட்டிருக்கும். ரயில்கள் குறைந்துபோனதால் ஜன்னல் கண்ணாடி அதிரவில்லை. அதிராத வீட்டில் எனக்கு நித்திரை வரச் சிரமமாக இருந்தது.

அப்பாவின் தம்பி, என் சித்தப்பா, மெல்பேர்னில் இருந்தார். எனக்கு நாலு வயதாக இருந்தபோது படகில் போனவர். நான் ஏழு வயதில் அம்மாவோடு யாழ்ப்பாணத்திலிருந்து பாரிசுக்கு வந்தேன். ஆகவே எனக்குச் சித்தப்பா என்றால் ஒரு குரல்தான். வீடியோவில் கதைத்தாலும் கைபேசியை எப்படிப் பிடிப்பது என்று அவர் கடைசிவரை பழகவில்லை. அவருடைய நெற்றியும் மேலே சுற்றும் மின்விசிறியும்தான் எங்களுக்குத் தெரியும்.

அவருக்கு ஒரு ஃபுட்போல் கிளப்பில் வேலை. நம் ஃபுட்போல் இல்லை, அந்த நாட்டு ஃபுட்போல். மைதானமும் முட்டை வடிவம், பந்தும் முட்டை வடிவம். காலாலும் உதைக்கலாம், கையாலும் குத்தி அனுப்பலாம், அடுத்தவனின் தோளில் ஏறி நின்று பிடிக்கலாம். ஒவ்வொரு முனையிலும் நாலு கம்பங்கள். நடு இரண்டுக்கும் இடையால் போனால் ஆறு புள்ளி. சற்றுத் தள்ளிப் போனால் ஒரு புள்ளி. "பிழையா அடிச்சாலும் ஒண்டு குடுப்பினமோ? நல்ல சனங்கள்" என்று அப்பா சொல்வார். சித்தப்பாவின் வேலை ஆட்டக்காரர்களின் உடுப்பு அறையில். ஆட்டம் முடிந்ததும் சேறு பிடித்த சட்டைகளைத் தோய்த்து, காயவைத்து, இலக்க வரிசைப்படி கொழுவ வேண்டும். சேற்றுக்கு முதலில் சுடுதண்ணீர் விடக்கூடாது, பச்சைத் தண்ணீர்தான் விட வேண்டும் என்று எனக்கு ஒருமுறை பாடமே எடுத்தார்.

என் பத்தாவது பிறந்தநாளுக்கு அந்தக் குழுவின் சட்டை ஒன்றை அனுப்பியிருந்தார். கையில்லாத, கரும்பச்சைச் சட்டை, குறுக்கே ஒரு வெள்ளைப் பட்டை. போட்டால் முழங்கால்வரை வரும். ஏப்ரலில் எந்த மருந்துக்கடையிலும் மாஸ்க் இல்லாதபோது அம்மா அதைக் கத்தரித்து ஆறு மாஸ்க் தைத்தார்.

"அவன் அவ்வளவு தூரத்திலை இருந்து அனுப்பினதை வெட்டிப்போட்டியே" என்றார் அப்பா.

"மூச்சு முக்கியமோ, சட்டை முக்கியமோ?" என்றார் அம்மா.

உண்மையில் அந்த மாஸ்க்கில் மூச்சே விட முடியாது. இஸ்திரி போட்டால் பிளாஸ்டிக் உருகுவது மாதிரி ஒரு மணம் வரும். ஆறும் எங்கே போயின என்று தெரியவில்லை. ஒன்றையாவது எடுத்து வைத்திருக்கலாம்.

எல்லாம் பூட்டுவதற்குச் சில கிழமைகள் முன்னால், பெப்ரவரியில், சித்தப்பாவுக்கு ஒரு கலியாணப் பேச்சு வந்தது. பெண் பாரிசுக்கு வெளியே கூசேன்வில்லில் இருந்தார். ரோசி விமான நிலையத்தில் வாசனைத் திரவியக் கடையில் வேலை. தாய் தகப்பன் இல்லை, ஒரு அண்ணா மட்டும். அந்த அண்ணாவுக்கும் விமான நிலையத்தில்தான் வேலை, விமானங்களுக்குப் பெட்டி ஏற்றுவது. இரண்டு பேரும் எங்கள் வீட்டுக்கு வந்து கோப்பி குடித்தார்கள். அண்ணா நேராகவே கேட்டார்.

"மாப்பிள்ளை என்ன செய்யிறார்?"

"அவுஸ்திரேலியாவிலை பெரிய ஃபுட்போல் கிளப் ஒண்டிலை" என்றார் அப்பா. "ரீமோடையே நிக்கிறவர். அவர் இல்லாட்டி ரீம் கிறவுண்டுக்கு இறங்காது."

சட்டை இல்லாமல் எப்படி இறங்குவது என்ற பொருளில் பார்த்தால் அது சரிதான். அண்ணா தலையாட்டினார். பெண் எதுவும் கேட்கவில்லை. போகும்போது என் கையில் வாசனை தடவிய காகிதத் துண்டுகள் ஒரு பிடி தந்தார். அவரை நான் கூசேன்வில் அக்கா என்றுதான் கூப்பிட்டேன், இன்றைக்கும் அப்படித்தான்.

அவுஸ்திரேலியாவில் மார்ச்சில் தொடங்கிய போட்டிகள் உடனேயே நின்றன, ஜூனில் திரும்பத் தொடங்கின. பார்ப்பதற்கு ஒரு இணைப்பைச் சித்தப்பா அனுப்பிவைத்தார். அங்கே இரவு ஆட்டம், நமக்கு மத்தியானத்துக்குச் சற்று முன். அப்பாவின் கடை இன்னும் பூட்டியே கிடந்தது. சனிக்கிழமைகளில் நானும் அப்பாவும் கைபேசியைச் சீனிப் போத்தலில் சாய்த்துவைத்துப் பார்த்தோம். இருக்கைகளில் ஒரு மனிதர் இல்லை, ஆனால் பெரிய ஆரவாரம் கேட்டது. அது எங்கேயிருந்து வருகிறது என்று அப்பா கைபேசியைத் தூக்கிக் காதில் வைத்துப் பார்த்தார். சில வரிசைகளில் ஆட்கள் அசையாமல் இருந்தார்கள். உற்றுப் பார்த்தபோது அவை அட்டையில் வெட்டிய உருவங்கள். இல்லாத மனிதர்கள் கத்துவதும் இருக்கிற மனிதர்கள் அட்டையாக இருப்பதும் எனக்கு விளங்கவேயில்லை.

குழு முதல் ஆட்டத்தில் தோற்றது. அடுத்ததிலும் தோற்றது. மூன்றாவதில் வென்று எங்களை ஏமாற்றிவிட்டுப் பிறகு தொடர்ந்து தோற்றது.

ஜூலையில் ஒருநாள் சித்தப்பா கதைத்தார். கைபேசியை அப்பா சத்தமாக வைத்திருந்ததால் நானும் கேட்டேன்.

"இஞ்சை மெல்பேர்னிலை கொரோனா வருத்தம் கூடிப்போச்சு அண்ணை. ரீம் குயின்ஸ்லாந்துக்குப் போகுது. சீசன் முடியுமட்டும் அங்கைதானாம்."

"அப்பிடியோ? அப்ப கவனமாப் போயிட்டு வா" என்றார் அப்பா.

"ம்" என்றார் சித்தப்பா.

அவ்வளவுதான். அவர் தானும் போவதாகச் சொல்லவில்லை. போகவில்லை என்றும் சொல்லவில்லை. அந்த "ம்" ஐ இப்போது என் காதுக்குள் எத்தனை தரம் போட்டுக் கேட்டாலும் அதற்குள் என்ன இருந்தது என்று என்னால் பிரித்துச் சொல்ல முடியவில்லை.

அடுத்த சனிக்கிழமைதான் நான் அந்தக் காரியத்தைச் செய்தேன். இடைவேளையில் ஒரு மனிதர் தண்ணீர்ப் போத்தல்களோடு மைதானத்துக்குள் ஓடினார். செம்மஞ்சள் மேலாடை, தொப்பி, கறுத்த கால்கள். ஓடும்போது இடது தோள் கொஞ்சம் இறங்கியிருந்தது. அப்பாவுக்கும் அப்படித்தான்.

"சித்தப்பா!" என்று கத்தினேன். "அப்பா, அது சித்தப்பா!"

அப்பா படத்தை நிறுத்தினார். குனிந்து பார்த்தார். அவருக்குக் கண்ணாடி வேண்டியிருந்தது, தேடிப் போட்டார். நாலு மாதமாக நான் பார்க்காத ஒரு சிரிப்பு அவர் முகத்தில் வந்தது. "அவன்தான். எங்கடை நடை. எங்கடை ஐயா நடக்கிற மாதிரியே" என்றார். கடையிலிருந்து வந்த அம்மாவின் கைபேசியை வாங்கித் திரையைப் படம் எடுத்தார். தெளிவில்லாத படம். அது அன்றைக்கே கூசேன்வில்லுக்குப் போனது, உறவுக்காரர் எல்லோருக்கும் போனது.

பின்னேரம் அப்பா சித்தப்பாவுக்கு எடுத்தார். "தம்பி, உன்னை ரீவியிலை கண்டனாங்கள்! பிள்ளைதான் முதல் கண்டவள்!"

மறுபக்கத்தில் சத்தமில்லை. தொலைபேசி லைன் பிழை என்று நினைத்தேன். தூர தேசத்திலிருந்து குரல் வர நேரம் எடுக்கும் என்று அப்பா முன்பே சொல்லியிருந்தார். பிறகு சித்தப்பாவின் குரல் வந்தது.

"ஓ... கண்டனியளோ? ஓம் அண்ணை."

நான் உண்மையிலேயே சித்தப்பா என்று நினைத்தேனா? அல்லது அப்பாவை எதையாவது பார்க்கவைக்க வேண்டும் என்று கத்தினேனா? உங்களிடம் மறைக்க ஒன்றுமில்லை. எனக்கே தெரியாது.

அந்தப் படம் போனபிறகு கூசேன்வில் அக்கா ஒவ்வொரு சனியும் எங்கள் வீட்டுக்கு வரத் தொடங்கினார். விமானங்கள் பறக்காததால் அவருக்கு ஷோமாஜ், அதாவது வேலையில்லாதவர்களுக்கான அரசாங்கப் பணம், வீட்டுக்குள்ளேயே இருந்தார். தன் மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு ரயிலில் வருவார். என்னைவிட வேகமாக விளையாட்டைப் படித்துக்கொண்டார். நடுவரைப் பிரெஞ்சில் ஏசுவதை அம்மா இல்லாத நேரத்தில்தான் செய்வார். ஆட்டக்காரர் ஒருவர் பந்தைத் தவறவிட்டால் என் தொடையில் அடிப்பார்.

"மே நோன்! கையிலை வெண்ணெய் பூசிக்கொண்டே வந்தவன்?"

செம்மஞ்சள் மேலாடைக்காரர் வரும்போது மட்டும் நான் அக்காவின் முகத்தைப் பார்ப்பேன். வெட்கப்படுவார் என்று எதிர்பார்த்தேன். அக்கா அந்த நேரம் பார்த்து நகத்தைக் கடிப்பார், அல்லது கைபேசியில் எதையோ எழுதுவார். எனக்குக் கோபம் வரும். நான் கண்டுபிடித்துக் கொடுத்த மாப்பிள்ளையை இவர் பார்க்காமல் இருப்பது என்ன நியாயம்?

ஆகஸ்டில் ஒரு சனி. அப்பா அம்மாவுக்குச் சாப்பாடு கொண்டு கடைக்குப் போயிருந்தார். அக்கா ரோல்ஸ் வாங்கக் கீழே இறங்கியிருந்தார். நான் மட்டும் ஆட்டத்தின் முன்னால். செம்மஞ்சள் மேலாடைக்காரர் இரண்டு கையிலும் போத்தல்களோடு கோட்டின் ஓரத்தில் நின்றார். எனக்கு ஒரு எண்ணம் வந்தது. நான் இப்போது எடுத்தால் அவருடைய சட்டைப்பைக்குள் கைபேசி அடிக்கும். அவர் திடுக்கிட்டு எடுப்பார். அதை நான் இங்கேயிருந்து பார்க்கலாம். என் சின்னக் கைபேசியில் சித்தப்பாவின் இலக்கத்தை அழுத்தினேன்.

இரண்டாம் மணியில் எடுத்தார். "சொல்லு குஞ்சு."

திரையில் நின்றவர் கையை அசைக்கவில்லை. இரண்டு கையிலும் போத்தல்.

நான் திரையையே பார்த்தேன். சித்தப்பாவின் பின்னால் ஆங்கிலத்தில் ஒருவர் வேகமாகச் சொல்லிக்கொண்டு போனார். அக்காவின் மடிக்கணினியில் ஆட்டத்தை வர்ணிப்பவரின் அதே குரல், ஆனால் வேறு ஏதோ சொன்னது. "ஐயோ, விட்டிட்டான்" என்றார் சித்தப்பா தனக்குள். எங்கள் திரையில் ஒருவரும் எதையும் விடவில்லை. பந்து நடுவில் கிடந்தது. பிறகு ஒருவன் எடுத்தான், ஓடினான், கம்பங்களைப் பார்த்து நின்றான், உதைத்தான். அரை நிமிடம் ஆகியிருக்கும். பந்து தள்ளிப் போனது. அவன் தலையில் கைவைத்தான்.

"சித்தப்பா, அவன் விடுவான் எண்டு உங்களுக்கு எப்பிடி முதலே தெரியும்?"

"ஆர் விடுவான் எண்டு?"

சித்தப்பாவுக்கு நடக்கப்போவது தெரிகிறது என்று ஒரு கணம் நம்பினேன். சிரிக்காதீர்கள், அந்த வருடம் எதையும் நம்பலாம் போல இருந்தது. அதற்குப் பிறகுதான் விளங்கியது. எங்கள் படம் பிந்தி வருகிறது. அவரும் எங்களைப் போல ஒரு திரைக்கு முன்னால் இருக்கிறார்.

"நீங்கள் எங்கை நிக்கிறியள்?"

அவர் ரீவியை நிறுத்திய சத்தம் கேட்டது.

"வீட்டிலைதான் பிள்ளை. மெல்பேர்னிலை."

"அப்ப இது ஆர்?"

"ஆரெண்டு எனக்கும் தெரியாது."

பிறகு மெல்ல மெல்லச் சொன்னார். மார்ச்சிலேயே அவரைப் போன்றவர்களை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். குழுவோடு போனது கொஞ்சப் பேர். அவருடைய விசாவுக்கு அரசாங்கத்தின் உதவி கிடையாது. ஒரு தேவாலயத்தில் கிழமைக்கு ஒருமுறை தரும் சாப்பாட்டுப் பெட்டியில் சமைக்கிறார். எட்டு மணிக்குப் பிறகு அந்த நகரத்தில் ஒருவரும் வெளியே போகக்கூடாது. ஆகவே அறைக்குள் இருந்து ஆட்டம் பார்க்கிறார்.

"அப்ப ஏன் அப்பாட்டை ஓம் எண்டனியள்?"

"அண்ணை அவ்வளவு சந்தோசமாக் கேட்டார்" என்றார். "இந்த வருசம் ஒருத்தரும் என்னட்டை அப்பிடிச் சந்தோசமாக் கதைக்கேல்லை. வாயிலை ஓம் எண்டு வந்திட்டுது. நீ சொல்லிப்போடாதை குஞ்சு. சீசன் முடியட்டும், நானே சொல்லுறன்."

கதவு திறந்தது. அக்கா ரோல்ஸோடு நின்றார். எண்ணெய் ஊறிய காகிதப் பையின் மணம் அறைக்குள் வந்தது. நான் கைபேசியைத் தலையணைக்குக் கீழே தள்ளினேன்.

"என்னடி, பேயைக் கண்டமாதிரி நிக்கிறாய்? எத்தினை புள்ளி?"

"தோக்கிறம்" என்றேன். அது பொய் இல்லை.

அதற்குப் பிறகு எனக்கு அந்தக் குழுவின் ஆட்டம் விளையாட்டாக இருக்கவில்லை. முதல் எட்டு இடத்துக்குள் வந்தால் இறுதிச் சுற்று, சீசன் நீளும். வராவிட்டால் செப்டம்பரில் முடிந்துவிடும், சித்தப்பா சொல்ல வேண்டும், அப்பாவின் சிரிப்புப் போகும், கலியாணம் போகும். ஆகவே வெல்ல வேண்டும் என்று கும்பிட்டேன். பிறகு அக்காவின் பக்கத்தில் இருந்து அந்தச் செம்மஞ்சள் மனிதரைப் பார்க்கும்போது, எவ்வளவு கெதியாக முடியுமோ அவ்வளவு நல்லது, தோற்றுவிடட்டும் என்று கும்பிட்டேன். அம்மாவோடு மாதா கோவிலுக்குப் போய் மெழுகுதிரி கொளுத்தினேன். கொளுத்திவிட்டு என்ன கேட்பதென்று தெரியாமல் நின்றேன். பின்னால் வரிசையில் நின்றவர் இருமினார், எல்லோரும் விலகினார்கள், நான் ஒன்றும் கேட்காமல் வந்துவிட்டேன்.

யார் பொய் சொன்னது என்ற கேள்வியும் இருந்தது. சித்தப்பா ஓம் என்று மட்டும் சொன்னார். அப்பா தான் நம்பியதைச் சொன்னார். ஆரம்பித்தவள் நான். ஆனால் ஆரம்பித்தபோது அது பொய்யாக இருக்கவில்லை. அப்படியென்றால் அது எப்போது பொய்யாக மாறியது? பன்னிரண்டு வயதில் இதை யாரிடம் கேட்பது? பள்ளிக்கூடம் திறந்தபோது உங்களில் ஒருத்தியிடம் கேட்கப் பார்த்தேன். மாஸ்க்குக்குள்ளால் நான் சொன்னது உனக்குக் கேட்கவில்லை, நீ "என்ன?" என்றாய், நான் "ஒன்றுமில்லை" என்றேன்.

எப்படியோ இடையில் சில ஆட்டங்களை வென்று மேலே வந்திருந்தார்கள். கடைசி ஆட்டத்திலும் வென்றால் எட்டாவது இடம். கடைசி நிமிடங்கள்வரை முன்னால் நின்றார்கள். பிறகு மழை வந்தது, பந்து சோப்புக்கட்டி மாதிரி வழுக்கியது, எதிர்க் குழு இரண்டு முறை அடித்தது. அவ்வளவுதான். ஆட்டக்காரர்கள் இடுப்பில் கைவைத்து நின்றார்கள். பதிவுசெய்த ஆரவாரம் மட்டும் யாருக்காகவோ தொடர்ந்து கேட்டது. அக்கா அழுதார். நான் அதை எதிர்பார்க்கவில்லை.

"இனி என்னெண்டு..." என்று தொடங்கியவர் முடிக்காமல் மூக்கைச் சிந்தினார். குழுவில் அவ்வளவு பாசமா என்று யோசித்தேன்.

சித்தப்பா அந்தக் கிழமை கதைக்கவில்லை. அடுத்த கிழமையும் இல்லை. "ரீம் திரும்பி வந்திருக்கும், இப்ப தனிமைப்படுத்தி வைச்சிருப்பினம்" என்றார் அப்பா. அவரே கேள்வி கேட்டு, அவரே பதிலும் கண்டுபிடித்து, நிம்மதியாக இருந்தார்.

ஒரு ஞாயிறு, நாள் குறிப்பதற்காகக் கூசேன்வில் அண்ணாவும் அக்காவும் சாப்பாட்டுக்கு வந்தார்கள். அம்மா கணவாய்க்கறி வைத்தார். அண்ணா ஒரு பொதியைப் பிரித்தார். உள்ளே சட்டம் போட்ட படம். செம்மஞ்சள் மேலாடை, தொப்பி, போத்தல்கள்.

"பெருப்பிச்சு எடுத்தனான்" என்றார். "எங்கடை வீட்டிலை ஹோலிலை ஒண்டு கொழுவியிருக்கு. வாற சனத்துக்குக் காட்டுறனான். இது உங்களுக்கு. பங்குச் சாமியாரோடையும் கதைச்சிட்டன். கோவிலிலை கலியாண ஓலை கூறி அறிவிக்கிறது மட்டும்தான் மிச்சம்."

யாரோ ஒரு வெள்ளைக்கார ஊரின் யாரோ ஒரு மனிதர், தாம் அறியாமல் கூசேன்வில் வீட்டுச் சுவரில் மாப்பிள்ளையாகத் தொங்குகிறார்.

"அது சித்தப்பா இல்லை" என்றேன்.

"என்ன விசர்க்கதை?" என்றார் அப்பா.

"நான்தான் பிழையாச் சொன்னனான். சித்தப்பா ரீமோடை போகேல்லை. வேலையும் இல்லை. வீட்டிலைதான் நிக்கிறார்."

எல்லாவற்றையும் சொன்னேன். சொல்லும்போது ஒழுங்காக வரவில்லை. சாப்பாட்டுப் பெட்டியை முதலில் சொன்னேன், தொலைபேசியைப் பிறகு சொன்னேன். அம்மா என் நெற்றியைத் தொட்டுப் பார்த்தார், காய்ச்சலோ என்று. அண்ணாவின் முகம் இறுகியது.

"எங்களை என்னெண்டு நினைச்சியள்?" என்றார் அப்பாவைப் பார்த்து.

அப்போது அக்கா சொன்னார், சோற்றைப் பிசைந்தபடி. "எனக்குத் தெரியும்."

"என்ன தெரியும்?"

"எல்லாம். படம் வந்த அண்டைக்கே நான் அவருக்கு மெசாஜ் போட்டனான். இது நீங்களோ எண்டு கேட்டன். இல்லை எண்டு சொன்னவர்."

"பிறகேன் எனக்குச் சொல்லேல்லை?"

"நீ கேக்கேல்லையே அண்ணை. நீ படத்தைப் பெருப்பிக்கத்தானே போனனி."

அக்காவுக்கு என்னைவிட முன்னமே தெரியும். அப்படியென்றால் எதற்காக ஒவ்வொரு சனியும் வந்தார்? பிறகு அவரே சொன்னார். அவர் இங்கே பார்ப்பார், சித்தப்பா அங்கே பார்ப்பார், இரண்டு பேரும் கைபேசியில் எழுதிக்கொள்வார்கள். திரும்பிப் போகும் ரயிலில் கதைப்பார்கள். கூசேன்வில் வீட்டில் அண்ணா நாள் முழுக்கப் பக்கத்தில் இருப்பார். அந்தப் போட்டிகளைத் தவிர அவர்களுக்கு வேறு இடம் இருக்கவில்லை.

அண்ணா எழுந்தார். "வேலையும் இல்லை, விசாவும் ஒழுங்கில்லை. இதுக்கு நான் சம்மதிக்கமாட்டன். வா."

"நீ போ. நான் சாப்பிட்டிட்டு வாறன்" என்றார் அக்கா.

அண்ணா போனார். படம் மேசையில் கிடந்தது. அக்கா உண்மையாகவே சாப்பிட்டார், இரண்டாம் தரமும் கறி வாங்கி.

அப்பா படத்தை மேசையில் கவிழ்த்து வைத்தார். என்னை அடிப்பார் என்று நினைத்தேன். அவர் கைபேசியை எடுத்துச் சித்தப்பாவுக்கு அழுத்தினார். சித்தப்பா எடுத்ததும், "அண்ணை, நான்..." என்று தொடங்கினார். அக்கா அதற்குள் செய்தி அனுப்பியிருக்க வேண்டும்.

"பொறு. நான் முதல் சொல்லுறன்" என்றார் அப்பா. "தம்பி, நான் ஷெஃப் இல்லையடா."

அப்பா அப்படி ஒன்றைச் சித்தப்பாவிடம் சொல்லிவைத்திருந்தது எனக்குத் தெரியாது. அம்மாவுக்கும் தெரியாது என்பது அவர் கரண்டியோடு நின்றதில் விளங்கியது.

"அப்ப?" என்றார் சித்தப்பா.

"கோப்பை கழுவுறன். வந்த நாளிலை இருந்து அதுதான்."

பிறகு சித்தப்பாவின் குரல் கேட்டது. "அப்ப ரெண்டு பேருக்கும் கழுவுற வேலைதானே அண்ணை. நான் சட்டை, நீ கோப்பை."

அப்பா சிரித்தார். சித்தப்பாவும் சிரித்தார். நிறுத்த முடியாமல், இருமி இருமி, இரண்டு கண்டங்களில் இரண்டு பேர். அதில் என்ன பகிடி என்று எனக்குத் தெரியவில்லை. இத்தனை நாள் நான் வயிற்றுக்குள் சுமந்ததை இவர்கள் இப்படிச் சிரித்து முடிக்கிறார்களே என்று ஆத்திரம் வந்தது. குளியலறைக்குள் போய்ப் பூட்டிக்கொண்டு அழுதேன். கதவைத் தட்டி மன்னிப்புக் கேட்க யாரும் வரவில்லை. கொஞ்ச நேரத்தில் அக்கா வந்து, கதவுக்கு வெளியே நின்று, "கணவாய் முடியப்போகுது" என்றார்.

அவுஸ்திரேலியாவின் எல்லை திறக்கக் கிட்டத்தட்ட இரண்டு வருடம் ஆனது. அதற்குள் சித்தப்பா ஒரு பேக்கரியில் சேர்ந்துவிட்டார். கிளப் திரும்பக் கூப்பிட்டபோது போகவில்லை. அக்கா ஒரு வருட வேலை விசா எடுத்தார். அவருடைய அண்ணா தடுக்கவும் இல்லை, வாழ்த்தவும் இல்லை. அந்தப் பேச்சு வந்தால் எழுந்து அடுத்த அறைக்குப் போய்விடுவாராம்.

அக்காவை வழியனுப்ப நாங்கள் மூன்று பேரும் ரோசிக்குப் போனோம். அக்கா அடிக்கடி வாசலைத் திரும்பிப் பார்த்தார்.

"அண்ணை வரேல்லையோ?" என்று அப்பா கேட்டார்.

"வேலையாம்" என்றார் அக்கா. வாய் கோணியது. என்னைக் கட்டிப்பிடித்துவிட்டு உள்ளே போனார்.

மூன்று நாள் கழித்து மெல்பேர்னிலிருந்து ஒரு படம் வந்தது. ஒரு சின்ன அறையின் தரையில் அக்காவின் நீலப் பெட்டி. மேலே, கீழே, நாலு பக்கமும், கைபிடியிலும்கூட, "உடையக்கூடியது" என்ற சிவப்பு ஒட்டுத்தாள்கள். நான் உடனே எடுத்தேன்.

"அக்கா, உள்ளுக்கை கண்ணாடிச் சாமான் இருந்ததோ?"

"இல்லையடி. உடுப்பும் மிளகாய்த்தூளும்தான்."

"அப்ப ஆர் இவ்வளவும் ஒட்டினது?"

பெட்டியை அக்கா கிட்ட இழுக்கும் சத்தம் கேட்டது.

"அண்டைக்கு அண்ணைக்கு உண்மையிலை லீவாம். அவனோடை வேலை செய்யிறவர் இப்பத்தான் சொன்னவர். என்ரை பிளேனுக்குப் பெட்டி ஏத்தவெண்டு ஆரோடையோ மாத்தி வந்து நிண்டிருக்கிறான்" என்றார். "பதினேழு ஒட்டியிருக்கிறான். எண்ணிப் பாத்தனான்."